சத்தம் போடாத கணினி

"பாட்டு கேக்க மட்டும் ஒரு கம்ப்யூட்டராம்! கையில ஃபோன் இல்லாதவன்தான் வாங்குவான் லா." ரொட்டி சானாய் கடையில் பின் மேசையிலிருந்து யாரோ சொல்வது கேட்டது. மலேசியாவின் கூலிம் ஊரில் அந்தக் கணினியை விற்கும் ஒரே ஆள் நான். குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டேன். கடையில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும்: சரியான பதில் ஆள் போன பிறகுதான் நமக்குத் தோன்றும்.

மின்சாரம் குறைவாக இழுக்கும், விசிறி இல்லாத சின்னக் கணினிகள். விசிறி இரைச்சல் இல்லாததால் பாட்டு சுத்தமாகக் கேட்கும். நான்தான் எங்கள் கணினிக் கடை முதலாளியைக் கெஞ்சி மூன்று வரவழைத்தேன். அவர் சொன்னார்: "ஒண்ணு திரும்பி வந்தாலும், இனிமே என்ன சரக்குன்னு நான் பாத்துக்குறேன். நீ சார்ஜர் வித்தா போதும்."

குலுக்கல்

பக்கத்துப் பாலிங் ஊரிலிருந்து வந்த ஒரு பெரியவர் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். பிறகு டுரியான் பழம் முற்றிவிட்டதா என்று பார்ப்பதுபோல் காதருகே வைத்துக் குலுக்கினார்.

"உள்ளே ஆடுற, சுத்துற பாகம் எதுவுமே இல்லைங்க. அதான் இதோட சிறப்பு" என்றேன்.

பெட்டியை மெல்லக் கீழே வைத்தார். "வெறும் டப்பாவக் காட்டி விக்கிற. படிச்ச புள்ளதானே நீ?"

வெளிச்சம்

அடுத்து வந்த தம்பி, வானவில் விளக்கு எரியும் விளையாட்டுக் கணினிதான் வேண்டும் என்றான். எதற்கு என்றேன். பாட்டு கேட்கத்தானாம். பாட்டுக்கு அவ்வளவு வேகம் வேண்டாம், அந்தக் காசில் நல்ல ஸ்பீக்கர் வாங்கலாம் என்று நான் தரையைப் பார்த்தபடியே விளக்கி முடித்தேன். பொறுமையாகத்தான் கேட்டான்.

"எல்லாம் சரிக்கா. லைட் இல்லாம எப்படிக்கா ஃபீல் வரும்?"

மானம்

கடைசியில் ஒன்று விற்றது. வாங்கியவர் ஃபேக்டரியில் வேலை பார்க்கும் மணியம் அண்ணன். ஒரே வாரத்தில் கடைக்கு வந்து நின்றார். "நாலு பாட்டு பாடுது, செத்துப் போவுது." முதலாளி என்னைப் பார்த்தார். நான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அண்ணன் பின்னாலேயே பாடாங் மேஹாவிலுள்ள அவர் வீட்டுக்குப் போனேன்.

வரவேற்பறையில் டிவி, ரேடியோ எல்லாவற்றுக்கும் வெள்ளைப் பின்னல் துணி போர்த்தியிருந்தது. நான் விற்ற பெட்டிக்கு மட்டும் இரண்டு மடிப்பு. பின்னியவர் அண்ணனின் மனைவி லெட்சுமி அக்கா.

"அக்கா, இதுக்கு விசிறி கெடையாது. சூடு மேல இருக்குற இந்த இரும்பு மூடி வழியாத்தான் வெளியே போவணும். துணிய எடுத்துட்டா நல்லா பாடும்."

"எடுத்துட்டு? நாலு பேரு வந்து போற வீடு. மொட்டையா கெடந்தா என்ன நெனப்பாங்க?"

"பேசாம கடைக்கே கொண்டு போயிடும்மா. இவ துணிய எடுக்க மாட்டா" என்றார் அண்ணன்.

அக்காவின் கையைப் பிடித்துத் துணிக்குள் விட்டுப் பெட்டியின்மேல் வைத்தேன்.

"ஐயோ, காய்ச்சலா கொதிக்குதே! முன்னாலயே சொல்றதில்லையா?"

அக்கா துணியை உருவி மடித்து வைத்தார். அண்ணனுக்காக இரைந்து சுற்றிக்கொண்டிருந்த மேசை விசிறியைத் தூக்கி வந்து, பெட்டிக்கு நேராக வைத்து, மூன்றாம் எண்ணில் திருகிவிட்டார்.