பொடி போடாத நாளின் சாப்பாடு

யுத்த காலத்தில் பட்டாபிராம் ரயில் சைடிங்கில் எனக்கு மூட்டை தூக்கும் வேலை. பட்டாளத்துக்கு வரும் மாவு மூட்டைகளைத் தலையில் சுமந்துபோய்க் கிடங்கில் அடுக்க வேண்டும். நான் மூக்குப்பொடி போடுகிறவன். ஒருநாள் கொஞ்சம் கூடுதலாக இழுத்துவிட்டு, தலையில் மூட்டையோடு நடக்கும்போது தும்மினேன். மூட்டை விழுந்து வெடித்தது. பக்கத்தில் நின்ற மேஸ்திரி தலையிலிருந்து கால்வரை வெள்ளையாகிவிட்டார்.

"இன்னொரு தபா தும்முனே, அப்படியே ஊட்டுக்குப் போய்டு நைனா," என்றார்.

வேலை போய்விடும் என்ற பயமே பொடியை விடவைக்கும் என்று நம்பினேன். நேர்மாறாக நடந்தது. பயம் வந்தபோதெல்லாம் கை இடுப்பிலிருந்த பொடிமட்டையைத் தேடியது. திருமுல்லைவாயில் கோயிலில் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்தேன். மூன்று நாள் தாங்கியது. சத்தியத்தை மீறிவிட்டோமே என்று நொந்துபோய் இன்னொரு சிட்டிகை போட்டேன். என்னைப் போல அசடு யார் இருப்பார்கள்?

பக்கத்துச் சேக்காட்டில் குடியிருந்தோம்; வீட்டில் நானும் என் மனைவியும் மட்டும்தான். அந்த நாளில் ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகே பெண்கள் உட்காருவார்கள். எனக்குப் பரிமாறிவிட்டு அவள் சுவரோரமாக நிற்பாள்.

என் புலம்பலைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் ஒருநாள் சொன்னாள்: "நீ பொடி போடாத அன்னிக்கு நானும் உன்கூடவே குந்திகினு துன்றேன். போட்டுகினு வந்தா நீ மட்டும் துன்னு. நான் அப்பால துன்னுக்கிறேன்."

மறுநாள் பொடி போடாமல் மூக்கைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அவள் எதிரே உட்கார்ந்தாள். ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு பச்சை மிளகாயைக் கடிப்பாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அண்டை வீட்டு ஆடு செய்த அட்டகாசத்தையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நாளைக்கும் இவள் உட்கார வேண்டும் என்று மனசு அடித்துக்கொண்டது. அந்த ஆசையிலேயே பதினெட்டு நாள் ஓடிவிட்டது.

பத்தொன்பதாம் நாள் சைடிங்கில் என்னோடு வேலை செய்தவன் மட்டையை நீட்டினான். கை தானாகப் போய்விட்டது. குளத்தில் மூக்கைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவள் இரண்டு பேருக்கும் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். எடுத்த கவளத்தை அப்படியே வைத்துவிட்டேன்.

"இன்னிக்குப் போட்டுட்டேன்மே. நீ எழுந்துக்கோ."

அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நீ பொடி போட்டதுக்கு நான் இன்னாத்துக்கு எழுந்துக்கணும்? கல்யாணம் கட்டிக்கினு வந்த நாளா ஆறிப்போன சோத்தைத்தான் துன்னேன். இப்பத்தான் சூடாத் துன்றேன்."

சொல்லிவிட்டு அடுத்த கவளத்தை வாயில் போட்டுக்கொண்டாள்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. பொய் சொல்லவும் இல்லை, அவள் எழுந்துவிடவும் இல்லை. கூடவே வெட்கம் பிடுங்கித் தின்றது. எனக்குப் பரிசு கொடுக்கிறாள் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்! அத்தனை வருஷமும் அவள் பசியோடு அந்தச் சுவரோரம் நின்றிருக்கிறாள். பசிக்கிறதா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

யுத்தம் முடிகிறவரை அந்த வேலை எனக்கு இருந்தது. பொடி போட்டாலும் போடாவிட்டாலும் இனி அவள் உட்காரத்தான் போகிறாள் என்று தெரிந்து, அந்தப் பயமும் போன பிறகுதான் என்னால் அதை அடியோடு விட முடிந்தது.