உப்பேறும் வாய்க்காலும் நான்கு இலக்கங்களும்

மெகோங் கழிமுகத்தின் படகுத்துறை ஒன்றில் பதினைந்து ஆண்டுகள் கைப்பேசி பழுதுபார்த்த லானுக்கு இப்போது நாற்பத்தாறு வயது. வாய்க்கால்களில் உப்பை அளக்கும் பெட்டிகளைப் பராமரிப்பதே இன்று அவர் பிழைப்பு. பெட்டிக்குள், சிம் அட்டை வழியே செய்தி அனுப்பும் ஒரு சிறிய மோடம். மடிக்கணினியில் ‘கவனி’ எனப் பொருள்படும் AT என்று தட்டினால் OK என்று அது விடை தரும். ஆயிரம் முறை கண்ட விடைதான். எனினும் ஒவ்வொரு முறையும் அவருக்கு மெய்சிலிர்க்கும். வாயில்லாப் பொருளொன்று அழைத்த குரலுக்குச் செவிசாய்க்கிறதே!

அன்று தெத் புத்தாண்டு கழிந்த முதல் பௌர்ணமி. கடல்நீர் ஆற்றில் ஏறிக்கொண்டிருக்க, பழுதுநீக்கிய பெட்டி ஒன்றை லான் வாய்க்கால் கரையில் திரும்பப் பொருத்திக்கொண்டிருந்தார். நெடுந்தொலைவிலுள்ள மதகு, இப்பெட்டியின் எண்ணிலிருந்து குறுஞ்செய்தி வந்தால் மட்டுமே மூடிக்கொள்ளும். ஒரு மணி நேரத்துக்குள் அது மூடாவிட்டால் எட்டாம் சித்தப்பாவின் இருநூறு டுரியான் மரங்களும் கருகிவிடும். பிறந்த வரிசையே பெயராகிவிட்ட அந்தப் பெரியவர் வாய்க்கால் நீரை நாக்கில் வைத்துத் துப்பினார்.

"லேசா கரிக்குது, அம்மாடி."

லான் AT+CPIN? என்று கேட்டார். சிம் அட்டை பூட்டியிருக்கிறது, இரகசிய எண் வேண்டும் என்றது மோடம்.

"சித்தப்பா, சிம்முக்குப் பூட்டு போட்டது யாரு?"

"நான்தான். சிம்ம எங்கிட்ட விட்டுட்டு பெட்டிய நீ ரிப்பேருக்குக் கொண்டுபோனியே, அப்ப ராசியான நம்பராச்சேன்னு என் போன்ல போட்டுக்கிட்டேன். எவனாவது திருடிட்டா?"

"திருடனும் உள்ள போக முடியாது, நாமளும் போக முடியாது. நல்ல காவல்! என்ன நம்பர்?"

"பொறந்த வருஷம். கடைக்காரப் பொண்ணுதான் போட்டுக் குடுத்தா."

அடையாள அட்டையில் 1960 என்றிருந்தது. தட்டினார். பிழை.

"அட்டையில இருக்கிறது ஆபீஸ்காரங்களா எழுதினது. இந்தத் தெத்தோட எனக்கு அறுபத்தெட்டு."

லான் நடப்பாண்டான 2025-இலிருந்து அவசரமாகக் கழித்து 1957 என்று தட்டினார். மீண்டும் பிழை. இன்னொரு முறை தவறினால் அட்டை அடியோடு முடங்கிவிடும். அவர் விரல்கள் விசைப்பலகையை விட்டு விலகின.

"கடைக்காரிகிட்ட என்ன சொன்னீங்க? அந்த வார்த்தைய அப்படியே சொல்லுங்க."

"நாய் வருஷம்னேன். அதுக்கு அவ, 'அதான் இப்படி குரைக்கிறீங்களா'ன்னா."

லான் விரல்விட்டு எண்ணினார்: பன்னிரண்டு விலங்குகளின் பெயரில் சுழலும் ஆண்டுகளில் 1957 சேவல், நாய் அதற்கு அடுத்தது. தாயின் வயிற்றிலிருந்த காலத்தையும் ஒரு வயதாக எண்ணும் ஊர்க் கணக்கை அவசரத்தில் மறந்தது அப்போதுதான் உறைத்தது. 1958. ஒவ்வோர் இலக்கமாக வாய்விட்டுச் சொல்லித் தட்டினார்.

திரை வெறுமையாக நின்றது. பிறகு, OK.

முதல் வேலையாகப் பூட்டை நீக்கினார். கண்ணுக்குத் தெரியாத கைப்பேசிக் கோபுரம் ஒன்றை மோடம் தேடிக் கண்டுபிடித்தது. மதகுக்குச் செய்தி போயிற்று. நொடிகள் கழிந்து விடை வந்தது: மூடப்பட்டது.

எட்டாம் சித்தப்பா தொப்பியைக் கழற்றிவிட்டுப் பெட்டியருகே குனிந்தார்.

"உள்ள யாரு இருக்கா?"

"யாரும் இல்ல, சித்தப்பா."

"யாரும் இல்லாமலா மதகு கேக்குது?"

லான் பெட்டியின் மூடியைத் திருகி அடைத்தார். அரைமணி கழித்து இருவரும் கரையில் இறங்கி, நீர் ஏறுவது நின்றுவிட்டதைப் பார்த்துக்கொண்டிருந்தனர்.