நான் நாலு தடவை ஏறின படிக்கட்டு

ஊர் சுத்திக் காட்டற தொழில்ல செருப்பு தேயறதுக்கு முன்னாடி நாக்கு தேஞ்சிடும்.

ஷார்ஜாவுல டிராவல்ஸ்ல வேலை பாக்கறவன் கதை சொல்ல வந்துட்டான்னதும் நீங்க என்ன எதிர்பார்க்கறீங்கன்னு தெரியும். பாலைவனத்துல ஜீப், ஒட்டகம் துப்பினது, விசா குடுத்த கஃபீல் பாஸ்போர்ட்டை வச்சுக்கிட்டது, பர்துபாய்ல மாமாவைத் தொலைச்சது. மாஃபி, ஒண்ணும் கிடையாது. இன்னைக்கு நாம போறது ஜப்பான். கொடியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, பின்னாடி வர்ற தலைகளை எண்ணி எண்ணியே நரைச்சவங்க யாராவது இதைப் படிச்சீங்கன்னா, என் வலியை உங்களுக்குத் தனியா சொல்ல வேண்டியதில்ல.

ஆபீஸ்ல கொட்டின அருவி

ஷார்ஜா முவைலாவுல லேபர் கேம்ப் பஸ் திரும்பற தெருவுல எங்க ஆபீஸ். முதலாளி கீழக்கரைக்காரர், அவங்க ஊரு வழக்கப்படி அண்ணனைக் கூப்பிடற மாதிரி நாங்களும் காக்கான்னு கூப்பிடுவோம். அவரு டிக்கெட் போடுவாரு, நான் குரல் போடுவேன். ஜப்பான் மலைக்கோயில், பழைய யாத்திரைப் பாதை, நாச்சின்னு ஒரு பெரிய அருவி, இதையெல்லாம் படம் காட்டி விக்கறவன் நான் இல்ல. அருவி கொட்டற சத்தம், கோயில்ல கை தட்டிக் கும்பிடறது, படி ஏறறவன் இரைக்கற இரைப்பு, அருவிக்கு எதிர்ல டீக்கடை வச்சிருக்கற அம்மா ஜப்பான் பாஷையில வரவேற்கறது, எல்லாத்தையும் நாற்காலியில உக்காந்தபடியே செஞ்சு காட்டுவேன். அந்த அம்மா பேசறதுல ஒரு வார்த்தைக்கும் எனக்கு அர்த்தம் தெரியாது. இழுப்பு மட்டும் அச்சு அசல்.

நீங்க ஏறியிருக்கீங்களான்னு கேட்டா, நாலு தடவைன்னு சொல்லுவேன். உங்ககிட்ட மறைப்பானேன், நாலு தடவையும் அந்த ஊரு கைடுதான் ஆளுங்களை நடத்திக் கூட்டிட்டுப் போனாரு. நான் பஸ் ஏறி மேல போய் டீக்கடையில உக்காந்திருந்தேன். பாதயாத்திரைன்னு போர்டு வச்சுட்டு, அருவி வாசல் வரைக்கும் பஸ் போகுதுன்னு எவனாவது சொல்லுவானா?

அதுக்கடுத்த டூருக்குச் சம்சாரத்தோட ஆபீசுக்கு வந்தவரு செல்வராஜ் அண்ணன். தென்காசிப் பக்கம். சவுதியில யான்புல சாரம் கட்டற போர்மேனா இருந்துட்டு, வேலை கலாஸ்னு முடிச்சு, ஊருக்குப் போற வழியில ஷார்ஜாவுல மச்சினன் வீட்டுக்கு வந்திருந்தாரு. வலது முட்டி தேஞ்சு போச்சு, போனதும் ஆபரேஷன். அதுக்கு முன்னாடி ஒரு மலையாவது சொந்தக் கால்ல ஏறிடணும்னு ஆசை. முட்டி தாங்குமான்னு கேட்டாரு. இரைப்புச் சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கிட்டு, தாராளமா தாங்கும்னுட்டேன்.

அவரு பர்ஸ்ல இருந்து ஒரு பச்சை அட்டையை எடுத்தாரு. சாரம் கட்டினா, பொறுப்பான ஆள் ஒருத்தர் முதல்ல ஏறி ஆட்டிப் பாத்துட்டு இந்த டேகைக் கட்டுவாராம். இது தொங்காத சாரத்துல ஒருத்தனும் கால் வைக்க மாட்டானாம். அதை என் தோள்பையில அவரே கட்டி விட்டாரு. "ஏறிப் பாத்துட்டேன்னு சொல்லிட்டீங்க தம்பி. இனிமே நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

எண்ணெய் தேச்சுக்கிட்டு வந்த ஆறு பேர்

மொத்தம் ஆறு பேர், எல்லாரும் தென்காசிப் பக்கத்து ஆளுங்க. அருவிக்குப் போற அன்னைக்குக் காலையில ஓட்டல் மாடியிலேர்ந்து இறங்கி வந்தவங்களைப் பாத்து எனக்கு உசுரே போச்சு. ஆறு தலையிலயும் நல்லெண்ணெய் மினுங்குது. ஆறு தோள்லயும் துண்டு. செல்வராஜ் அண்ணன் சம்சாரம் புஷ்பம் அக்கா கையில சீயக்காய் டப்பா. குத்தாலத்துத் தண்ணியில வளந்தவங்ககிட்ட அருவின்னு சொன்னா வேற என்னதான் செய்வாங்க? தப்பு என்னோடது. ஆபீஸ்ல அந்தச் சத்தத்தை அப்படிக் கொட்டியிருக்கேன்.

தொண்டையைச் செருமிக்கிட்டு விளக்கினேன். அங்க அருவிக்குப் பக்கத்துல சாமி இல்ல, அருவியேதான் சாமி, அதுல இறங்கறது கருவறைக்குள்ள சோப்புப் போட்டுக் குளிக்கற மாதிரின்னேன். பூசாரி குரல்லயே சொல்லிப் பாத்தேன், யாரும் சிரிக்கல. துண்டெல்லாம் மடிஞ்சு பைக்குள்ள போச்சு. புஷ்பம் அக்கா மட்டும் டப்பாவை மூடிக்கிட்டே கேட்டாங்க. "குளிக்க விடாத அருவிக்கு எதுக்குய்யா இம்புட்டுத் தண்ணி?"

அஞ்சாவது தடவை

அன்னைக்குன்னு பாத்து கைடுக்குக் காய்ச்சல். பாதை நேராத்தான் போகுது, நீங்க முன்னால நடங்கன்னு சொல்ல வாயைத் திறந்தேன். அதுக்குள்ள செல்வராஜ் அண்ணன், அடிவாரத்துல யாத்திரைக்காரங்களுக்குன்னு வச்சிருக்கற மூங்கில் கம்புல ரெண்டை எடுத்து, ஒண்ணை என் கையில குடுத்துட்டாரு. சாரம் கட்டற சைட்ல டேகுக்குப் பொறுப்பானவன்தான் முன்னால ஏறணுமாம். ஏறினேன். ரெண்டு பக்கமும் வானத்தை மறைக்கற மரங்க, நடுவுல பாசி பிடிச்ச கல்லுப்படி, ஒண்ணு உசரம் ஒண்ணு பள்ளம். ஏசியில உக்காந்து வளத்த உடம்பு இது. மூச்சு வாங்கணும்னு தோணறப்பெல்லாம் நின்னு, மரத்தைக் காட்டி வயசு எத்தனை இருக்கும்னு சொல்லுங்க பாப்போம்னு எல்லாரையும் கேட்டேன்.

பாதியில பின்னாடி 'டக்'னு ஒரு சத்தம். அண்ணன் முட்டி. முகமெல்லாம் வெளுத்துப் போய் நின்னுட்டாரு. எத்தனையோ சத்தத்தைத் திருப்பிப் போட்டவன் நான், அதை மட்டும் இன்னிக்கு வரைக்கும் செஞ்சு பாக்கல. கீழ இறங்கினா பஸ் இருக்குங்கற வார்த்தை என் பல்லு வரைக்கும் வந்துச்சு. அவரு ஒண்ணுதான் கேட்டாரு, இதுக்கு மேல எப்படின்னு. வந்த வார்த்தையை முழுங்கிட்டு, இனிமே எல்லாம் சமம்தான்னேன்.

அவரு ஏணியில ஏறற மாதிரி உடம்பைப் பக்கவாட்டுல திருப்பி, இடது காலை முதல்ல வச்சு, வலதைப் பின்னால இழுத்து, கம்பை ஊனி, ஒவ்வொரு படியா வந்தாரு. வளைவு திரும்பினா இன்னும் செங்குத்தா படி. அவரு படியைப் பாத்தாரு. மரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இரைக்கற என்னைப் பாத்தாரு. "ஆபீஸ்ல நீங்க இரைச்சதுதான் தம்பி தத்ரூபமா இருந்துச்சு."

டீக்கடை அம்மா

ஏறிட்டோம். கோயில்ல கை தட்டிக் கும்பிட்டுட்டு அருவிப் பக்கம் இறங்கினோம். அங்க அருவித் தண்ணியைச் சின்னக் கிண்ணத்துல பிடிச்சுக் குடிக்க விடுவாங்க. புஷ்பம் அக்கா ஒரு வாய் குடிச்சுட்டு மிச்சத்தை எண்ணெய்த் தலையில ஊத்தித் தேச்சுக்கிட்டாங்க. செல்வராஜ் அண்ணன் கம்பைக் கீழ போட்டுட்டு, ரெண்டு கால்லயும் நின்னு, மேலேர்ந்து கீழ வரைக்கும் அருவியைப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. எதிர்ல டீக்கடையில வந்து உக்காந்ததும் மத்தவங்ககிட்ட என்னைக் காட்டி, இவரு வார்த்தையை நம்பித்தான் கால் எடுத்து வச்சேன்னாரு. நான் அடக்கமா தலையைக் குனிஞ்சுக்கிட்டேன்.

அப்பத்தான் கடைக்கார அம்மா வெளிய வந்து, என்னைப் பாத்துச் சிரிச்சு, நீளமா ஏதோ சொன்னாங்க. நான் ஆபீஸ்ல செஞ்சு காட்டின அதே இழுப்பு. புஷ்பம் அக்காவுக்கு உடனே அடையாளம் தெரிஞ்சுபோச்சு. என்ன சொல்றாங்கன்னு கேப்போமேன்னு, மொழிபெயர்க்கற போனை அவங்க வாய்க்கு நேரா நீட்டி, இன்னொரு தடவை சொல்லச் சொன்னாங்க. போன் கொஞ்சம் யோசிச்சுச்சு. அப்புறம் செய்தி வாசிக்கற குரல்ல, கடை முழுக்கக் கேக்கற மாதிரி சொல்லுச்சு. "வணக்கம், பேருந்து ஐயா. நீங்கள் எப்போதும் பேருந்தில் முன்பே வந்து இங்கு அமர்ந்திருப்பீர்கள். இன்று நடந்து வந்துள்ளீர்கள். முதல் முறை கடினமாக இருந்ததா?"

செல்வராஜ் அண்ணன் டீயைக் கீழ வச்சாரு. என் தோள்பையில இருந்த பச்சை டேகை நிதானமா அவிழ்த்து, தன் சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு.

அதனால இப்பல்லாம் முட்டி தாங்குமான்னு யாராவது கேட்டா, அருவிச் சத்தம் போடறதுக்கு முன்னாடி நான் பஸ் டைமைத்தான் சொல்றேன்.