பல் டாக்டரைக் கொன்ற கம்பவுண்டர்

நீதிமன்றத்தில் இருபத்திரண்டு வருடம் டைப் அடித்தவர் அவர். வக்கீல்கள் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் டைப்பிஸ்ட் அக்கா. குற்றப்பத்திரிகையின் முதல் பக்கத்திலேயே, இன்னார்தான் செய்தார் என்று பெயர் போட்டு அடிப்பார். அப்படியிருந்தும் கொலை வழக்கென்றால் உட்கார இடமில்லாமல் ஜனம் சுவரோரம் நிற்கும். அவன் எப்படி மாட்டினான் என்று கேட்கத்தான் அத்தனை கூட்டம். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அக்காவுக்குக் கதை எழுதும் ஆசை முளைத்தது.

எழுதியவரைக்கும் முதலில் நாத்தனாரிடம் கொடுத்தார். எந்த மர்மக் கதையை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு, "இவன்தானா? ப்பூ!" என்று தூக்கிப் போடுகிற ஆள் அவள். இந்தக் கதையின் முதல் வரியே இதுதான்: "பல் டாக்டரைக் கொன்றது அவருடைய கம்பவுண்டர், அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்."

துவைத்த துணியைத் தோளில் போட்டபடி, கொடிப்பக்கம் போகாமல், நின்ற நிலையில் முப்பது பக்கத்தையும் படித்து முடித்தாள் நாத்தனார்.

"அண்ணி, மிச்சம் எங்க?"

"இன்னும் எழுதலடி."

"கொன்னவன் யாருன்னுதான் தெரிஞ்சுபோச்சே, அப்புறமும் ஏன் எனக்கு இப்படிப் படபடன்னு அடிச்சுக்குது?"

அக்காவுக்கு அது போதும். மிச்சத்தையும் எழுதி முடித்து வாரப் பத்திரிகை ஆபீசுக்குப் போனார். ஆசிரியர் ஒரு பக்கம் படித்துவிட்டுச் சிரித்தார்.

"மர்மக் கதைன்னா முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கணும்மா. நீங்க அதைத் தட்டு நடுவுல வச்சிருக்கீங்க!"

"பூசணிக்காய் எங்க இருக்குன்னு எல்லாருக்கும் தெரியட்டும் சார். அதை மறைக்க அவன் படற பாடுதான் கதை."

"யாரும் படிக்க மாட்டாங்கம்மா."

அக்கா காகிதக் கட்டை வாங்கிக்கொண்டு நேரே வேலைக்குப் போனார். அன்று மெஷின் கொஞ்சம் அதிகமாகவே சத்தம் போட்டது.

மூன்று மாதம் போயிற்று. அந்தப் பத்திரிகையில் ஒரு பெரிய எழுத்தாளரின் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. அச்சகத்தில் பைண்டிங் செய்கிறவர் கடைசி அத்தியாயத்தைப் பார்த்துவிட்டு, "மாமனார்தான் கொன்னாரு" என்று சலூனில் உளறிவைத்தார். நாலே நாளில் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பத்திரிகைக் கட்டுகள் பிரிக்காமலே திரும்பி வந்தன.

ஒரு மதிய இடைவேளையில் ஆசிரியர் நீதிமன்றப் படியேறி மூச்சு வாங்க வந்து நின்றார்.

"அம்மா, அந்தக் கம்பவுண்டர் கதை இருக்கா?"

"இருக்கு சார். ஆனா ஒரு எழுத்தைக்கூட மாத்தக் கூடாது."

"மாத்தல. வெளிய கசிஞ்சிடாதே?"

"கசியறதுக்கு என்ன சார் இருக்கு? முதல் வரியிலேயே நானே போட்டு உடைச்சிட்டேனே!"

பதினான்கு வாரம் ஓடியது. மாட்டுவான், தப்பிப்பான் என்று கேன்டீனில் வக்கீல்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். "பாவம், அவனைத் தப்பிக்க விட்டுடுங்க" என்று மூட்டை மூட்டையாகக் கடிதம் வந்தது. அக்கா யாரிடமும், நாத்தனாரிடம்கூட, மூச்சு விடவில்லை.

கடைசி வாரம் அவன் மாட்டினான். பன்னிரண்டு மணிக்கு வந்தபோதுதான் பிணத்தையே பார்த்ததாகச் சாதித்தவன், பத்து மணிக்கே, பல்லைக் காட்ட வரவிருந்த ஒரு முழங்கால் வலிக்காரிக்குப் போன் செய்து, "டாக்டர் இல்ல, வீணா மாடி ஏறாதீங்க" என்று சொல்லியிருந்தான். இரக்கப்பட்டுச் சொன்ன அந்த ஒரு வார்த்தை அவனைக் காட்டிக்கொடுத்தது.

கேன்டீனில் அரசு வக்கீல் மேசையைத் தட்டி, "மாட்டினான்டா!" என்று கத்தினார். நீதிபதி அக்காவை அறைக்குக் கூப்பிட்டு, "இத்தனை வருஷம் இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேன், எனக்கே பிடிபடலம்மா" என்றார். அக்காவுக்குத் தரையில் கால் பாவவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் நாத்தனார் வெறுங்கையோடு நின்றாள்.

"நாலு கடை ஏறி இறங்கிட்டேன் அண்ணி. எல்லா இடத்துலயும் தீர்ந்துபோச்சு! நீங்களே சொல்லுங்க, எப்படி மாட்டினான்?"

அக்கா கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல், கம்பவுண்டர் குரலில் டெலிபோன் பேச ஆரம்பித்தார்.