ஒரு பூசணிக்காயும் இரண்டு ஏலமும்

போன ஞாயிறு எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. உத்திரமேரூர் பக்கத்துக் கிராமம். அவரவர் நிலத்தில் விளைந்ததைப் பீடத்தில் வைத்து, ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவோம். பணம் சபைக்கு.

என் வீட்டுக்காரர் சட்டைப்பையில் ஆறாயிரம் ரூபாய் இருந்தது. பேங்கில் அடகு வைத்த என் செயினுக்கு வட்டி. திங்கட்கிழமைக்குள் கட்டாவிட்டால் செயின் ஏலத்துக்குப் போய்விடும். நோட்டீஸ் வந்துவிட்டது. வீட்டில் வைத்தால் செலவாகிவிடும் என்று பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். புத்திசாலி!

ஒரு பூசணிக்காய் வந்தது. இவர் கையைத் தூக்கினார். "நாலாயிரம்!"

வட்டிப் பணமாயிற்றே! சட்டையைப் பிடித்து இழுக்கலாம் என்றால் ஆண்கள் பக்கம் அவர், பெண்கள் பக்கம் நான். வேறு வழி? கண்ணை மூடினேன். 'ஆண்டவரே, யாராவது இதற்கு மேல் கேட்கட்டும்...'

"நாலாயிரத்து ஐந்நூறு!" யோவானின் குரல். புதுசாக மாடி கட்டியவன். அப்பாடா என்று கண்ணைத் திறந்தால், அவன் சும்மா இருக்கவில்லை.

"இன்னா மாமா, அவ்ளோதானா? பாக்கெட்டு கனமா கீதே!"

எல்லோரும் சிரித்தார்கள். இவருக்கு ரோஷம். "ஐயாயிரம்டா!"

"ஒரு தரம்..." என்றார் சபைச் செயலர். யோவான் மேலே கேட்கவில்லை. "ரெண்டு தரம்..."

எழுந்துவிட்டேன். "அண்ணே, நிறுத்துங்க. நாளைக்கு பேங்குல என் செயினு ஏலத்துக்குப் போவுது. அந்த வட்டிப் பணத்த வச்சிக்கினுதான் இவரு இங்க ஏலம் கேக்கறாரு."

இவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். செயலர் தொண்டையைச் செருமினார். "அப்போ... நாலாயிரத்து ஐந்நூறு. யோவானுக்கு."

ஸ்தோத்திரம் என்றேன். சத்தமாகவே சொன்னேன்.

ஆண்டவர் கடன் வாங்கியாவது கொடு என்றா கேட்டார்? பக்கத்து பெஞ்சுக்காரன் என்ன நினைப்பானோ என்ற பயத்தில் கொடுப்பதற்குப் பெயர் காணிக்கையா? வீடு வரைக்கும் இவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

திங்கட்கிழமை வட்டியைக் கட்டிவிட்டுத் திரும்பினால், பேங்க் பெஞ்சில் யோவான். கையில் அதே மாதிரி நோட்டீஸ்.

"இன்னாடா, நீயுமா?"

"மாடி கட்டப் பணம் பத்தலக்கா. எம் பொண்டாட்டி வளையல அடகு வச்சேன்." நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. "வட்டிக்கு வச்சிருந்தது நேத்து பூசணிக்காய்க்குப் பூடுச்சி. மாமா எப்டியும் மேல கேப்பாருன்னுதான் உசுப்பிவுட்டேன். மேனேஜரு வெள்ளிக்கெழம வரைக்கும் டைம் குடுத்துகிறாரு."

"போதகர்கிட்ட திருப்பிக் கேளேன்டா."

"ஐயோ! ஆண்டவருக்குக் குடுத்தத எப்டிக்கா கேக்கறது? கொழந்திங்க கீது. எதுனா ஆயிட்டா?"

நோட்டீசை நாலாக மடித்துச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டான். அதைப் பார்த்ததும் என் கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. யாராவது மேலே கேட்கட்டும் என்று வேண்டியது யார்? அவன் தலையில் விழுந்ததும் ஸ்தோத்திரம் சொன்னது யார்?

என் ஜெபம் கேட்கப்பட்டதற்காக இதுவரை நான் பயந்ததில்லை. இப்போது பயமாக இருக்கிறது. ராத்திரி முழங்கால் போட்டால் வார்த்தை வரமாட்டேன் என்கிறது.

யோவான் வீட்டிலிருந்து பூசணிக்காயை வாங்கி வந்துவிட்டேன். இன்று சாயங்காலம் போதகர் வீட்டுக்குப் போகிறேன். பணத்தைத் திருப்பிக் கேட்கத்தான். ஊர் என்ன சொல்லுமோ, ஆண்டவர் என்ன சொல்வாரோ தெரியாது.

கூட வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறார் என் வீட்டுக்காரர் — சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கூட்டிப் போக வேண்டும்.