கண்ணாடி அலுமாரியின் சிங்களத் துண்டுகள்

கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னறையை என் கணவர் கம்பியூட்டர் அருங்காட்சியகம் என்பார். நான் பழைய இரும்புக்கடை என்பேன். கொள்ளுப்பிட்டியில் ஓர் அலுவலகத்தில் கம்பியூட்டர் திருத்துகிற வேலை அவருக்கு. அங்கே கழித்துவிடுகிற சாமான்களெல்லாம் என் சீதனக் கண்ணாடி அலுமாரிக்குள் வந்து குந்திக்கொள்ளும்: துளை போட்ட அட்டைக்கட்டு, சாப்பாட்டுத் தட்டளவு நாடாச் சுருள், வயர் பின்னிக் கிடக்கும் பலகைகள். ஒவ்வொன்றின் கீழும் அது என்ன வேலை செய்தது என்று தமிழில் அழகாக எழுதி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்தில் இருந்து யாராவது வந்து பார்ப்பார்கள். அன்றைக்கு மனிசனைக் கையில் பிடிக்க முடியாது.

யுத்த காலம். ஒரு சுற்றிவளைப்பில் வீட்டைச் சோதிக்க வந்த ஆமிக்காரர் அந்த வயர்களைக் கண்டுவிட்டார்கள். தமிழர் வீட்டில் வயர் என்றால் குண்டுதானே. கணவரைப் பொலிசுக்குக் கொண்டுபோனார்கள். அவருடைய மேலதிகாரி, ஒரு சிங்களவர், நேரில் போய்ப் பொறுப்பெடுத்த பிறகுதான் விட்டார்கள். வீட்டுக்கு வந்தவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார். அடுத்த முறை விடுவார்களோ தெரியாது. எல்லாவற்றையும் எறியுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கொட்டாஞ்சேனையில் வளர்ந்ததால் எனக்குச் சிங்களம் எழுத வரும். அவருடைய தமிழ்க் குறிப்புகளுக்கு மேலே சிங்களத்தில் எழுதிய கடதாசித் துண்டுகளை ஒட்டினேன்: "பழைய கம்பியூட்டர்த் துண்டு. வெடிக்காது." எல்லாவற்றுக்கும் அதே வசனம். பசை எடுத்துத் தந்தது அவர்தான். நான் கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

சில கிழமைகளுக்குப் பிறகு அந்த மேலதிகாரி மனைவியோடு அலுமாரியைப் பார்க்க வந்தார். மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருந்தார். மனைவியை வாசிக்கச் சொன்னார். முதலாவதை வாசித்து அந்த அம்மா சிரித்தார். இரண்டாவதில் சிரிப்பு இல்லை. மூன்றாவதோடு நிறுத்தினார்.

"மற்றதிலும் அதுதான் எழுதியிருக்கிறது" என்றார்.

"இப்படி ஒட்டச் சொன்னது பொலிசா?" என்று மேலதிகாரி என்னைச் சிங்களத்தில் கேட்டார்.

ஓம் என்று சொல்லியிருக்கலாம்.

"இல்லை சேர். நாங்களாகத்தான் ஒட்டினோம்."

எனக்கு முகம் எரிந்தது. மேலதிகாரி செத்தவீட்டுக்கு வந்தவர் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். தேத்தண்ணி போடுகிற சாட்டில் நான் குசினிக்குள் போய்விட்டேன்.

அவர்கள் போனதும் ஒரு துண்டை உரிக்கத் தொடங்கினேன்.

"விடும். ஆமிக்காரங்கள் திரும்ப வந்தாங்களெண்டா?" என்றார் கணவர்.

கையை எடுத்தேன். அவர் தடுத்தது எனக்கு ஆறுதலாக இருந்தது. வந்தவர்களுக்கு முன்னால் பட்ட வெட்கத்தைவிட, அந்த ஆறுதலை நினைத்துத்தான் கூட வெட்கப்பட்டேன்.