நீலப் பெயிண்ட் வேடியப்பன்

எனாமல் பெயிண்ட் வாசனை அடித்தால் எனக்குப் பக்தி வருகிறது. என்ன செய்ய, எங்கள் சாமிக்கு அந்த வாசனைதான். கீழ்பென்னாத்தூரில் அண்ணனுடைய மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லையின் ஓரம் நிற்கும் வேடியப்பன் நீல நிறம். இடுப்புயரக் கல், வில்லோடு செதுக்கிய ஒருவன், எந்தக் காலத்துச் சண்டையிலோ செத்தவன். வீட்டு கேட்டுக்கு அடித்தது போக மிஞ்சிய பெயிண்டை வருஷாவருஷம் அண்ணி அவனுக்குப் பூசுவார். மீசை மட்டும் கறுப்பு. தலைக்கு மேலிருக்கும் பழைய எழுத்துகள் அத்தனை பூச்சுக்கும் அடியில் பத்திரமாகத் தூங்குகின்றன.

திருவண்ணாமலையில் என் வீடு கோபுரத்துக்குப் பக்கம். அங்கே தூணில் சாய்ந்தாலே அதட்ட ஆள் உண்டு. இங்கே யாருமில்லை என்ற தைரியத்தில், ஊர் ஊராகக் கல்வெட்டுப் படித்துத் திரியும் வாத்தியார் ஒருவரை அழைத்துப்போனேன். செத்தவனின் பெயரைப் படித்துவிட வேண்டும் என்று அவருக்கு ஒரே தவிப்பு.

"நாலு விரக்கடை சுரண்டினா போதும்மா. கல்லை யாரும் தூக்கினு போக மாட்டாங்க, நான் ஜவாப்தாரி."

"பேருதான் இருக்கே சார், வேடியப்பன்னு" என்றார் அண்ணி.

"இந்த மாதிரி கல்லு எல்லாத்துக்கும் அந்தப் பேருதாம்மா."

"அப்ப இருவது வருஷமா நான் யாரைக் கூப்டுனு இருக்கேன்?"

அண்ணன் குறுக்கே வந்தார். "எதுக்கு வாக்குவாதம்? அவரையே கேட்டுடலாம்."

பூ போட்டுக் கேட்பது எங்கள் வழக்கம். வெள்ளைப் பூ வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. அண்ணி கல்லுக்குப் பின்னால் போய் பூக்களை இரண்டு காகிதப் பொட்டலங்களாக மடித்து எடுத்துவந்தார்.

"தம்பி, நீ எடு. நீதான் ரெண்டு பக்கத்துக்கும் பொது."

எடுத்தேன். சிவப்பு அரளி. சாமி நம்பிக்கையில்லாத வாத்தியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு மெதுவாக, "இன்னொண்ணையும் பிரிச்சுப் பார்க்கலாமா?" என்றார்.

"சாமியவே சந்தேகப்படறீங்களா சார்?"

அண்ணி பிரிக்காத பொட்டலத்தை இடுப்பில் செருகினார். காகித ஓரத்தில் சிவப்பு எட்டிப்பார்த்தது. ஆண்கள் மூவரும் பார்த்தோம். மூவரும் உடனே தூரத்து மலையைத் தரிசித்தோம்.

கிளம்பும்போது அண்ணி வறுத்த மல்லாட்டை ஒரு பை கொடுத்தார். வாத்தியாருக்கு மனம் ஆறவில்லை. வண்டியில் ஏறிக்கொண்டே கேட்டார்: "பேரு தெரிஞ்சா உங்க ஊருக்குத்தானேம்மா பெருமை?"

அண்ணி வண்டியருகே வந்தார்.

"பேரு தெரிஞ்சா இன்னா ஜாதின்னு கேப்பாங்க சார். இப்ப ஊர்லேந்தும் வந்து கும்புடறாங்க, காலனிலேந்தும் வந்து கும்புடறாங்க. அப்படியே இருக்கட்டும், போய்ட்டு வாங்க."